கேபிள் வந்தது ஊராட்சி ஆபீஸ் வரைக்கும்தான்

"பாரத்நெட் வந்தாச்சு, ஆளுக்கு ரெண்டு சிம் இருக்கு, பழனிமலையில் நெட் இல்லை என்பது சோம்பேறிகளின் சாக்கு" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி உண்மை, அதனால்தான் ஏமாந்துவிடுவோம்.

பாரத்நெட் என்ற மத்திய அரசின் இணையத் திட்டம் 2011-இல் ஒப்புதல் பெற்றபோது, அதன் இலக்கு ஊராட்சி வரை கண்ணாடி இழை கேபிள் கொண்டுபோவது. வீட்டு இணைப்பு தனிக் கதை. கொடைக்கானல் மேல்மலையில் ஓர் ஊராட்சி என்றால் பல குக்கிராமங்கள், நடுவே பள்ளம், சோலை. டவர் நிற்கும் சரிவுக்கு மறுபுறம் சிக்னல் செத்துவிடும். பூண்டு போட்டவர் பி.எம். கிசான் உதவிப் பணத்துக்கு ஓடிபி வாங்க மேட்டில் ஏறி நிற்பார். இறங்கி வந்து எண்ணைச் சொல்வதற்குள் அது காலாவதி. (மேட்டிலிருந்தே கத்திச் சொல்பவர்களும் உண்டு!)

சிம் கணக்கா? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் எண்ணுவது சிம்மை, ஆளை அல்ல. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், 15–49 வயதினரில் ஒருமுறையாவது இணையம் பயன்படுத்தியவர்கள் நாடு முழுக்க ஆண்கள் 57.1%, பெண்கள் 33.3%. வீட்டில் ஒரே போன் என்றால் அது அப்பா சட்டைப்பையில் தோட்டத்துக்குப் போய்விடும். மகளின் ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்கு அம்மா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு கொடைக்கானல் பஸ் ஏறுகிறார்.

அந்த 'சோம்பேறி' வரியையாவது எடுத்துவிடுங்கள்.