ஏ கிளாஸ் குழாய்

(நாகர்கோவில் வடசேரியில் ஒரு மைக் செட் கடை. செல்லத்துரை அண்ணாச்சி குழாய் ஸ்பீக்கருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறார். துபாயிலிருந்து லீவில் வந்த ராஜன், ஒரு கட்டு ஆடியோ பத்திரிகைகளோடு நுழைகிறான்.)

ராஜன்: அண்ணாச்சி, ஒரு ஆம்ப்ளிஃபையர் வாங்கலாமென்று இருக்கிறேன். நாலு லட்சம்.

அண்ணாச்சி: எந்த ஊர்க் கோயில் கொடைக்கு?

ராஜன்: கொடைக்கு இல்லை. வீட்டு முன்னறைக்கு. ரெண்டு ஸ்பீக்கர், ஒரு நாற்காலி. நான் உட்கார்ந்து கேட்க.

அண்ணாச்சி: ஒரு ஆளுக்கு நாலு லட்சமா! ஊர் முழுக்கக் கட்டியும் அந்தப் பணத்தை நான் ஒண்ணா கண்டதில்லையே மக்கா. சரி, கேட்டுப் பார்த்தியா?

ராஜன்: கேட்கவில்லை. படித்தேன்.

அண்ணாச்சி: பாட்டுப் பெட்டியைப் படித்தாயா?

ராஜன்: பத்திரிகையில், அண்ணாச்சி. அமெரிக்காவில் ஸ்டீரியோபைல் என்று ஒன்று. 1962-ல் ஜே. கார்டன் ஹோல்ட் என்பவர் தொடங்கினார். மீட்டர் காட்டுகிற எண்ணை மட்டும் நம்பாதே, வீட்டில் பாட்டுப் போட்டுக் காதால் கேட்டு எழுது என்பது அவர் வழி. ஆரம்பத்தில் கம்பெனி விளம்பரமே வாங்கவில்லை.

அண்ணாச்சி: நியாயமான மனுஷன். பத்திரிகை எப்படி ஓடியது?

ராஜன்: சொன்ன நேரத்துக்கு வராது.

அண்ணாச்சி: இப்போது?

ராஜன்: விளம்பரம் உண்டு. மாதம் தவறாமல் வருகிறது. விளம்பரத்துக்கும் விமர்சனத்துக்கும் சம்பந்தமில்லை என்கிறார்கள்.

அண்ணாச்சி: இருக்கட்டும், வாசி.

ராஜன்: நான் பார்த்துவைத்த ஆம்ப் இது. இதை மாட்டியதும் ஸ்பீக்கருக்கு முன்னால் தொங்கிய திரை விலகியதாம்.

அண்ணாச்சி: போன மாதம்?

ராஜன்: அப்போதும் வேறொரு ஆம்ப்புக்கு ஒரு திரை விலகியிருக்கிறது.

அண்ணாச்சி: அந்த வீட்டில் எத்தனை திரைதான் மக்கா தொங்குது?

ராஜன்: இன்னும் கேளுங்கள். குரலில் ஒரு வெதுவெதுப்பு இருக்கிறதாம்.

அண்ணாச்சி: சூடேறுகிற கண்ணாடி வால்வு செட்டா? அப்போ இருக்கும். அப்பா காலத்து செட்டின் மேல் எங்கள் வீட்டுப் பூனை படுத்திருக்கும்.

ராஜன்: சும்மா வாயால் சொல்வதில்லை அண்ணாச்சி. கருவியை வைத்து அளந்தும் போடுகிறார்கள். சில சமயம் கட்டுரையில் தேன் என்று இருக்கும், அளவுக் கட்டம் போட்ட பக்கத்தில் டிஸ்டார்ஷன், அதாவது ஒலிச் சிதைவு, மூன்று சதவீதம் என்று இருக்கும்.

அண்ணாச்சி: ரெண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்களா?

ராஜன்: கேட்டு எழுதின பிறகுதான் அளப்பார்கள். எண்ணைப் பார்த்தால் காது கெட்டுவிடுமாம்.

அண்ணாச்சி: தாலி கட்டின பிறகு ஜாதகம் பார்க்கிற கதையா இருக்கே.

(இதை எழுதுகிற என்னைக் கேட்டால் அந்தப் பத்திரிகையில் உருப்படியான பக்கம் அந்தக் கட்டம் போட்ட பக்கம்தான். ராஜன் அதைப் புரட்டித் தாண்டுகிற ஆள்.)

ராஜன்: வருஷத்துக்கு ரெண்டு தடவை பரிந்துரைப் பட்டியலும் உண்டு. ஏ கிளாஸ், பி, சி, டி என்று நூற்றுக்கணக்கில்.

அண்ணாச்சி: பெயிலானது?

ராஜன்: அதற்குக் கிளாஸ் இல்லை. இருக்கிற பக்கத்தில் மோசமானதை எதற்கு எழுத வேண்டும் என்று, எடுக்கும்போதே நல்லதாகப் பார்த்து எடுப்பார்களாம்.

அண்ணாச்சி: கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டார்களா? எது எந்தப் பெட்டி என்று தெரியாமல்?

ராஜன்: பெரும்பாலும் இல்லை. அந்தப் பதற்றத்தில் காது ஒழுங்காக வேலை செய்யாதாம்.

அண்ணாச்சி: விலையைப் பார்த்தால் செய்யுமாக்கும்.

ராஜன்: அப்படிச் சோதிக்கிறவர்களும் உண்டு. ரெண்டு ஆம்ப்பின் சத்தத்தையும் 0.1 டெசிபல் வித்தியாசத்துக்குள் ஒன்றாக வைக்க வேண்டும். கொஞ்சம் கூடினாலும், கூடினதுதான் நல்லதென்று தோன்றிவிடும்.

அண்ணாச்சி: (பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாக) அதை வெளியே சொல்லாதே. எதிர் செட்டுக்காரன் பக்கத்தில் கட்டினால் நான் பண்ணுகிறதே அதுதான். ஒரு நூல் கூட்டி வைப்பேன். மறுநாள் ஊரே, செல்லத்துரை செட்டு என்ன தெளிவு என்கும். முப்பது வருஷப் பிழைப்பு.

ராஜன்: அப்போ இந்த ஆம்ப் வாங்கலாமா, வேண்டாமா?

அண்ணாச்சி: நீ நாலு லட்சத்தை மனதில் எண்ணிவைத்தாயிற்று. நல்லதுதான் என்று யாராவது சொல்ல வேண்டும். அதற்குத்தான் பத்திரிகை இருக்கிறதே, நான் எதற்கு? நீ வந்த காரியத்தைச் சொல்.

ராஜன்: புது வீட்டுப் பால்காய்ப்புக்கு செட் கட்ட வேண்டும்.

அண்ணாச்சி: (பில் புத்தகத்தை எடுத்து) எழுதிக்கொள்கிறேன். குழாய் ரெண்டு, ஏ கிளாஸ். கோட்டார் சவேரியார் கோயில் திருவிழாவில் நீண்ட நாள் கேட்டுப் பரிசோதித்தது. குரலில் வெதுவெதுப்பு. திரை விலகும். ஒரு நாளைக்கு ஆறாயிரம்.

ராஜன்: போன வருஷம் இதே குழாய் ரெண்டாயிரம்தானே!

அண்ணாச்சி: போன வருஷம் இதைப்பற்றி யாரும் எழுதவில்லையே. ரெண்டாயிரத்துக்கும் ஒரு செட் இருக்கு, சி கிளாஸ்.

ராஜன்: ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

அண்ணாச்சி: பெயின்ட். முன்பணம் ரெண்டுக்கும் ஐந்நூறுதான், வை.