கொழுந்து பறிக்கிற கையா நாட்டைக் கெடுத்தது?

அந்தக் காணொளித் துண்டை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போட முடியாததால் இங்கேயே எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும்.

அந்த நிகழ்ச்சியில் வறிய நாடுகள் ஏன் முன்னேறுவதில்லை என்று பேச வந்தவர், உதாரணத்துக்குக் கடைசியில் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களான எங்களைப் பிடித்துக்கொண்டார். கென்யாவில் ஒரு ஆள் பறிக்கிற கொழுந்தில் பாதிகூட இங்கே பறிப்பதில்லையாம், சம்பளத்தை மட்டும் கூட்டக் கேட்கிறோமாம், இப்படியிருந்தால் நாடு எப்படி எழும்பும் என்று கேட்டார். அதைக் கேட்டுப் பக்கத்திலிருந்தவர் சிரித்தார். பேச்சைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்தச் சிரிப்பை முடியவில்லை.

இந்த நாட்டை வறுமைக்குள் தள்ளியது தோட்டத்து ஆளின் சம்பளக் கோரிக்கை அல்ல. நாட்டுக்கு டொலர் சம்பாதித்துக் கொடுத்த சனத்தை இருநூறு வருசமாகக் காணியில்லாமல், நல்ல பள்ளிக்கூடமில்லாமல், நீண்ட காலம் வாக்குமில்லாமல் வைத்திருந்தார்களே, அதுதான் நாட்டைப் பின்னுக்கு இழுத்த காரணங்களில் ஒன்று. இதைத்தான் இந்தப் பதிவு முழுக்கத் திருப்பித் திருப்பிச் சொல்லப்போகிறேன்.

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. 2019 கடைசியில் வரியை வெட்டியது யார்? பெற்ற கடனுக்கு மேல் கடன் வாங்கிப் பிணைமுறிகளை விற்றது யார்? 2021இல் ஒரே இரவில் இரசாயன உரத்தை நிறுத்தியது யார்? இதில் எந்த முடிவு, காலையில் எங்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் எடுக்கப்பட்டது? உரம் இல்லாமல் தேயிலை வாடியது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த உற்பத்தி அடுத்த வருசம் 25 கோடி அளவுக்கு இறங்கியது. மலையில் கொழுந்து இல்லையென்றால் கூடையில் எங்கேயிருந்து நிறை வரும்? நிறை வராத நாளில் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். உரத்தை நிறுத்தியது ஒருவர், அரைப்பேர் விழுந்தது என் சித்திக்கு.

அதே காலத்தில்தான் ஈரானுக்குக் கொடுக்க வேண்டிய 25 கோடி டொலர் எண்ணெய்க் கடனைத் தேயிலை அனுப்பி அடைப்பதாக ஒப்பந்தம் போட்டார்கள். மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலை. கையில் டொலர் இல்லாதபோது நாட்டுக்கு நினைவு வந்தது இந்தக் கொழுந்துதான். அதைக் கிள்ளிப் போட்ட கைகளைத்தான் இன்று பாரம் என்கிறார்கள்.

கென்யாவை இழுத்தாரே, அதையும் முழுசாகச் சொல்லியிருக்கலாம். கென்யாவின் தேயிலையில் பாதிக்கு மேல் சிறு விவசாயிகளுடையது. செடி அவர்களுடையது, காணி அவர்களுடையது, கொழுந்து போகிற தொழிற்சாலையில் பங்கும் அவர்களுக்கு உண்டு. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நம் நாட்டிலேயே காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கம் பாருங்கள். இன்று இலங்கைத் தேயிலையில் 70 வீதத்துக்கு மேல் சிறு தோட்ட உரிமையாளர்கள் தருவது. அந்தச் சிறு தோட்டக்காரருக்கும் கொழுந்து பறிக்கிற என் அம்மாவுக்கும் கையில் வித்தியாசம் இல்லை. அவருக்குக் காணி உறுதிப்பத்திரம் இருக்கிறது, அம்மாவுக்கு இல்லை. தன் மண் என்றால் மனிதர் செத்த செடியைப் பிடுங்கிப் புதுக் கன்று நடுவார். எங்கள் தோட்டங்களை நடத்துகிற கம்பனிகள் வருசா வருசம் நட வேண்டிய அளவுக்குப் பக்கத்தில்கூட மறுநடுகை செய்வதில்லை. வெள்ளைக்காரன் காலத்துச் செடியில், பாதி மலை காடாகிப்போன இடத்தில், ஒரு நாளைக்கு இருபது கிலோ கொண்டுவா என்றால் எப்படிக் கொண்டுவருவது? சம்பளம் கூடியதும் கிலோவையும் கூட்டினார்களே, அதை அந்த நிகழ்ச்சியில் ஏன் யாரும் கேட்கவில்லை?

அம்மா விடியற்காலை எழும்பி, ரொட்டி சுட்டு, தம்பியைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலை ஏறுவார். மழை என்றால் இடுப்பில் படங்கு, காலில் அட்டை. அந்தி நிறுவையில், கொழுந்திலுள்ள ஈரத்துக்குத் தண்ணிக் கழிவு என்று கிலோக்கணக்கில் வெட்டுவார்கள். ஒரு நாள் அவர் கணக்கைக் கேட்டதற்கு, ‘இஷ்டமில்லன்னா நாளைக்கு வராத’ என்றார் கணக்கப்பிள்ளை. நான் பக்கத்தில்தான் நின்றேன், ஸ்கூல் யூனிபோர்மோடு. அம்மா ஒன்றும் பேசாமல் கூடையைக் கவிழ்த்துத் தட்டினார். சோம்பேறிகள் என்று யாராவது சொல்லும்போது எனக்கு நிதானம் போவதற்குக் காரணம் இதுதான்.

‘கம்பனியும் நட்டத்தில்தானே ஓடுகிறது, உலக விலையை நாமா தீர்மானிக்கிறோம்’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. உற்பத்திச் செலவு இங்கே அதிகம்தான், அதில் பெரும்பகுதி கூலிதான். ஆனால் கூலியைக் கீழே பிடித்து வைத்து இலாபம் பார்க்கிற ஒரு தொழில், நட்டம் வந்தாலும் இலாபம் வந்தாலும் நாங்கள் இருக்கிற வரிசை வீடான அதே லயத்தை அப்படியே வைத்திருந்ததே, அதற்கு என்ன கணக்கு? மலிவான ஆள் இருக்கும்வரை யாரும் செடியை மாற்றமாட்டார்கள், மெஷின் வாங்கமாட்டார்கள்.

‘உங்கள் ஆட்களும் அமைச்சர்களாக இருந்தார்களே’ என்பார்கள். இருந்தார்கள். அவர்களிடமும் கேட்போம். ‘குடித்தே அழிக்கிறார்கள்’ என்பவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

ஏழை நாடுகள் எழும்பிய கதையில் தைவானைச் சொல்வார்கள், தென்கொரியாவைச் சொல்வார்கள். ஏற்றுமதி, ஒழுக்கம், கடும் உழைப்பு என்பார்கள். அதற்கு முன்னால் நடந்ததை விட்டுவிடுவார்கள். தைவானில் 1953இல் உழுகிறவனுக்கே நிலம் என்று பிரித்துக் கொடுத்தார்கள். தென்கொரியாவிலும் 1950இல் தொடங்கி நடந்தது. அது மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விவசாயி கையில் காசு தங்கியது, பிள்ளை பள்ளிக்கூடம் போனது, அந்தப் பிள்ளைதான் பிறகு தொழிற்சாலைக்குப் போனது.

இங்கேயும் 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்தது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. அந்த மண்ணை மூன்று நான்கு தலைமுறையாகக் கொத்தியவர்களுக்குக் காணி வரவில்லை, பஞ்சம் வந்தது. அப்பாயி, அப்பாவின் அம்மா, அந்தக் காலத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டார். அவர் பெற்ற பிள்ளைகளில் இரண்டு அப்போது செத்துப்போனது என்று மட்டும் சொல்வார். மரவள்ளிக் கிழங்கை அதற்குப் பிறகு அவர் தொட்டதில்லை.

அதற்கும் முன்னால், எங்களை நாடற்றவர்களாக்கிய 1948 பிரஜாவுரிமைச் சட்டம். அடுத்த வருசம் வாக்கும் போனது. 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து 5,25,000 பேர் அந்தப் பக்கம், 3,00,000 பேர் இந்தப் பக்கம் என்று பிரித்தார்கள், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். அப்பாயியின் தங்கச்சி தமிழ்நாட்டுக் கோத்தகிரிக்குப் போனவர், திரும்பப் பார்க்கவே இல்லை. ‘பொருளாதாரம் பேசும்போது ஏன் அரசியலை இழுக்கிறாய்’ என்று கேட்பீர்கள். வாக்கு இல்லாத சனத்துக்கு யார் பள்ளிக்கூடம் கட்டுவார்கள்? 1945இலிருந்து இலவசக் கல்வி கொடுத்த நாடு என்று உலகம் மெச்சியது. தேயிலை ஏற்றுமதி வரி அந்த அரசாங்கத்தின் பெரிய வருமானங்களில் ஒன்று. தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசு பொறுப்பெடுத்ததோ எழுபதுகளில். எங்கள் உழைப்பில் ஊர்ப்பிள்ளை படித்தது. அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபமில்லை, அது ஏழைப் பிள்ளைதான். எங்கள் பிள்ளை ஒற்றை மண்டபத்தில் ஐந்து வகுப்போடு உட்கார்ந்திருந்ததே என்றுதான் கேட்கிறேன்.

2016 சுகாதார ஆய்வின்படி நாட்டில் ஐந்து வயதுக்குக் கீழான பிள்ளைகளில் 17 வீதம் வயதுக்கேற்ற உயரமில்லாதவை. தோட்டங்களில் அது 32 வீதம். மூன்றில் ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளைதான் நாளைய தொழிலாளி, நாளைய ஆசிரியர், நாளைய பொறியியலாளர். ஒரு நாட்டின் எதிர்கால உற்பத்தித்திறன் அந்தத் தட்டில்தான் குறைகிறது. கிலோக்கணக்கு பேசுகிறவர்கள் இதைப் பேசுவதே இல்லை.

இன்னொன்று. எங்கள் லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது. கடிதம் எல்லாம் தோட்டத்து ஒபிசுக்கு வரும், அங்கே கிடக்கும், யாராவது கொண்டுவந்தால் உண்டு. எனக்கு வந்த முதல் நேர்முகத் தேர்வுக் கடிதம் கைக்குக் கிடைத்தபோது திகதி முடிந்திருந்தது. வங்கிக் கடன் கேட்டால் காணி உறுதி கேட்கிறார்கள். கடை போட, கோழிக்கூண்டு கட்ட, ஒரு அறை கூட்டிக் கட்டக்கூடத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். முயற்சி செய்யாத சனம் என்று எங்களைச் சொல்கிறவர்கள் இந்தக் கட்டுக்குள் ஒரு முயற்சி செய்து காட்டட்டும்.

நாட்டுக்குக் காசில்லாத நேரத்தில் இதெல்லாம் கேட்கலாமா என்று எழுதப்போகிறவர்களுக்கு: சம்பளத்தைப் பற்றி நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடுங்கள். லயம் இருக்கிற மண்ணுக்கும் அதைச் சுற்றியுள்ள தோட்டத்துண்டுக்கும் உறுதி எழுதிக்கொடுக்க டொலர் தேவையில்லை. காணி ஏற்கனவே அரசாங்கத்துடையது. கம்பனியிடம் இருப்பது குத்தகை மட்டும்தான். ஒரு வீட்டுக்கு மட்டும் காணுகிற ஏழு பேர்ச்சஸ் துண்டைக் கொடுத்ததைப் பெரிய தானமாகப் பேசுவதை நிறுத்திவிட்டு, பயிர் செய்யக்கூடிய அளவு காணியை, அம்மாவின் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். பத்து வருசம் கழித்து வந்து நிறுத்துப் பாருங்கள்.