அங்கே ஊர் இருந்தது

சென்னையோடு இணைக்கப்பட்ட எங்கள் ஊர்களைப் பற்றி ஒரு கூட்டத்து மேடையில் ஒருவர் பேசிய வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "பஞ்சாயத்தா இருந்தப்ப இங்க என்ன இருந்துச்சு? வெறும் சேறு." கைத்தட்டல் வேறு. இரண்டு நாளாக அந்த வார்த்தை நெஞ்சில் உறுத்துகிறது.

அங்கே ஊர் இருந்தது. ஒக்கியம் துரைப்பாக்கம், கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை எல்லாம் அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராம ஊராட்சிகள். 2011-ல் இப்படி 25 கிராம ஊராட்சிகளும், 8 பேரூராட்சிகளும், 9 நகராட்சிகளும் கரைந்துதான் 174 சதுர கிலோமீட்டர் சென்னை 426 ஆனது.

சேறு என்கிறார்களே, அது கழனி. சேறு இல்லாமல் நாற்று நட முடியாது. மதகைத் திறந்தால் ஏரித் தண்ணீர் வாய்க்கால் வழியே நன்செய்க்குப் போகும். ஏரி நிரம்பினால் மிச்சம், கலங்கல் என்கிற உபரிநீர் வழியில் வழிந்து அடுத்த ஏரிக்கு. அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு, ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கடைசியில் கோவளம் முகத்துவாரம். ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்குக் கீழே என்றால் ஏரி ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, மேலே என்றால் அப்போது பொதுப்பணித்துறை. கழனி மனையானதும் மதகுக்கு வேலையில்லை, ஷட்டர் துருப்பிடித்து நின்றுவிடும். பாசன வாய்க்கால் தெருவாகிவிடும். மழைக்குக் கலங்கல் ஒன்றுதான் வழி, அதன் எதிரே காம்பவுண்டுச் சுவர். தண்ணீர் வீட்டுக்குள் வராமல் எங்கே போகும்? 2015 வெள்ளத்திலும் 2023 வெள்ளத்திலும் பார்த்தோமே.

"ஊராட்சித் தலைவர்கள் கையெழுத்துப் போட்டுத்தானே ஏரி போனது?" என்று கேட்பீர்கள். போட்டவர்கள் இருந்தார்கள், மறைக்கவில்லை. ஆனால் ஊராட்சியின் அதிகாரம் சின்ன வீடுகளோடு சரி. அடுக்குமாடிக்கு அனுமதி தந்தது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ., பட்டா கொடுத்தது வருவாய்த்துறை. பழி மட்டும் ஏன் ஊராட்சியின் தலையில்?

2000-லிருந்து கண்ணகி நகர் எழுந்ததும் ஒக்கியம் துரைப்பாக்கம் ஊராட்சியின் எல்லைக்குள்தான். 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். நகரம் தன் ஏழைகளைக் கொண்டுவந்து குடிவைத்த இடம் ஒரு கிராம ஊராட்சி. இதை அந்த மேடையில் யாராவது சொன்னார்களா?

வருமானம் இல்லாத ஊரும் இல்லை அது. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கட்டட அனுமதிக் கட்டணம் எல்லாம் ஊராட்சிப் பொதுநிதிக்கு வந்தன. ஓ.எம்.ஆர். எனப்படும் ராஜீவ் காந்தி சாலையில் கண்ணாடிக் கட்டடங்கள் எழ எழ வரியும் ஏறியது. காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். இருவருக்கும் பகை என்றால் தெருவிளக்கு பல்புக்குக்கூடப் பணம் எடுக்க முடியாது. அது பெரிய குறைதான். ஆனால் செலவுக் கணக்கைக் கிராம சபையில் வாசித்தாக வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில், வருகிறவர் யாரானாலும் எழுந்து கேட்கலாம். மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர் எந்த வால்வை எப்போது திறக்கிறார் என்பது வரை கேள்வி வரும்.

இணைப்புக்குப் பிறகு? கிராம சபை போனது. 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை சென்னைக்கே கவுன்சிலர் கிடையாது, அதிகாரிகள்தான். ஐந்து வருஷம்! தலைவர், துணைத்தலைவர், வார்டு உறுப்பினர்கள் என்று இருந்த ஊரில் முறையிட ஒரு ஆள் இல்லை. நகரத்தில் கிராம சபை போன்ற ஏரியா சபை வந்ததும் அதற்குப் பிறகுதான்.

"பாதாளச் சாக்கடை வேண்டாமா, மெட்ரோ தண்ணீர் வேண்டாமா?" வேண்டும். வரியும் கட்டுகிறோம். அதைக் கேட்டால் நன்றி கெட்டவர்களா? இணைத்து இத்தனை வருஷம் ஆகியும் தண்ணீர் லாரிக்கு போன் போடுகிற அடுக்குமாடிகள் ராஜீவ் காந்தி சாலை நெடுக இருக்கின்றன. அதைப் பற்றிப் பேசாமல், முன்பு இருந்தவர்களைச் சேற்றில் கிடந்தவர்கள் என்கிறீர்கள். அந்தச் சேற்றில் நாற்று நட்ட பெண்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அந்த வீடியோ அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் போனிலும் ஓடுகிறது.

பழைய ஊர்க்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊராட்சி முத்திரை போட்ட வீட்டு வரி ரசீது, குடிநீர் இணைப்பு ரசீது, வரைபட அனுமதி எது இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சொத்து வரியில் பெயர் மாற்றமோ பரப்பளவுத் தகராறோ வந்தால் அந்தப் பழைய கதவு எண்தான் கைகொடுக்கும். லேமினேட் செய்யவேண்டாம், அசல் கெட்டுவிடலாம். போட்டோ எடுத்துவிட்டு, அசலை ஒரு கவரில் போட்டு வையுங்கள்.