நிலையற்றவர்கள் அல்ல, கணக்குப் பார்ப்பவர்கள்

"எந்தக் கட்சியிலும் இல்லாத வாக்காளர்கள் கடைசி வாரத்தில் அடிக்கும் அலைக்கும் காசுக்கும் சாய்பவர்கள்" என்று கட்டுரையில் எழுதியிருப்பதை சேலத்துக்காரனாக என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் நாடாளுமன்றத் தொகுதியையே பாருங்கள்: 2014-ல் அதிமுக, 2019-ல் திமுக. அடுத்த இரண்டே வருஷத்தில் சட்டமன்றத் தேர்தல் வந்தபோது இதே தொகுதிக்குள் வரும் ஆறு இடங்களில் ஐந்து அதிமுக கூட்டணிக்குப் போனது, சேலம் வடக்கு மட்டும் திமுகவுக்கு. 2024-ல் மறுபடி திமுக. எனக்கு முன்னால் கருத்து எழுதிய ஒருவர் "எல்லாம் கூட்டணிக் கணக்குதான்" என்கிறார். ஆனால் 2019-லும் 2021-லும் பாமக அதிமுக பக்கம்தானே இருந்தது? எடப்பாடியார் நம்ம ஜில்லாக்காரர், அவர் மறுபடி முதல்வராக வரவேண்டும் என்று 2021-ல் போட்டவர்கள் நிறைய பேர், அது எனக்கும் தெரியும். எங்கள் அம்மா அம்மாபேட்டையில் தறி நெய்தவர். டெல்லிக்கு ஒரு கட்சி, கோட்டைக்கு ஒரு கட்சி என்று பிரித்துத்தான் போடுவார். நூல் விலை ஏறின வருஷம் எங்கள் வீட்டில் இரண்டு மாதம் அதே பேச்சு, முடிவெடுத்தது அதை வைத்துத்தான். 1999-ல் அதிமுக சார்பில் சேலத்தில் ஜெயித்த செல்வகணபதியே 2024-ல் திமுக சார்பில் ஜெயித்திருக்கிறார். தலைவர்கள் மாறினால் அரசியல், நாங்கள் மாறினால் மட்டும் நிலையில்லாதவர்களா?