மறைக்கிறதும் அரசியல்தானே

ஹோலோகாஸ்ட் (நாஜிங்க நடத்துன யூத இனப்படுகொலை) நினைவை இஸ்ரேலும் அமெரிக்காவும்தான் அரசியலுக்கு யூஸ் பண்றாங்கங்கிற மாதிரி கட்டுரை போகுது, அது சரிதான், ஆனா சோவியத் அரசு அதே நினைவை மறைச்சதைப்பத்தி ஒரு வரிகூட இல்லையே சார். அப்ப சோவியத்ல இருந்த உக்ரைனோட கீவ் நகரத்துல, பாபி யார்ங்கிற பள்ளத்துல 1941 செப்டம்பர் 29, 30னு ரெண்டே நாள்ல 33,771 யூதர்களை நாஜிங்க சுட்டுக் கொன்னாங்க (அவங்களே பெர்லினுக்கு அனுப்புன ரிப்போர்ட்ல இருக்க கணக்கு இது). 1976ல அங்க சோவியத் அரசு வச்ச நினைவுச்சின்னத்துல யூதர்ங்கிற வார்த்தையே கிடையாது, கீவ் மக்கள், போர்க்கைதிகள்னு பொதுவா எழுதி முடிச்சுட்டாங்க.

அனடோலி குஸ்னெட்சோவ் அந்த ஊர்க்காரர், அப்ப 12 வயசு, அவர் இதைப்பத்தி எழுதுன நாவலை 1966ல சென்சார் கண்டபடி வெட்டித்தான் விட்டுச்சு, மனுஷன் 1969ல லெனின் பத்தி ஆராய்ச்சி பண்ணணும்னு சொல்லிட்டு லண்டன் போனவர் திரும்பவே இல்ல, ஒரிஜினலை ஃபிலிம்ல எடுத்து கோட்டுக்குள்ள ஒளிச்சு கொண்டுபோயிருக்கார், லெனின் பேரைச் சொல்லியே தப்பிச்சிருக்கார் பாருங்க 😀 அப்புறம் 1970ல வந்த முழு புத்தகத்துல, வெட்டுன வரியெல்லாம் தடிச்ச எழுத்துல இருக்கும், அதை மட்டும் படிச்சாலே எது எது அரசாங்கத்துக்கு உறுத்துச்சுன்னு தெரிஞ்சுரும். யூதர்களுக்குன்னு பாபி யார்ல மெனோரா (யூதர்களோட கிளை விளக்கு) வடிவ நினைவுச்சின்னம் வந்ததே 1991லதான்.