குத்துச்சண்டைப் பாணி பிறவிக்குணமா? இல்லைங்க

"பாக்ஸரின் பாணி பிறவியிலேயே வருவது, கோச்சை மாற்றினாலும் மாறாது" என்றொரு செய்தி கோவை, திருப்பூர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

பிரிட்டிஷ் குத்துச்சண்டை வீரர் லெனாக்ஸ் லூயிஸைப் பாருங்கள். 1994-இல் ஆலிவர் மெக்கால் அவரை இரண்டாவது சுற்றிலேயே சாய்த்தார். மெக்காலின் பயிற்சியாளர் இமானுவேல் ஸ்டீவார்ட். அப்புறம் லூயிஸ் அதே ஸ்டீவார்டையே தன் பக்கம் அழைத்துக்கொண்டார்! வலது கையையே பெரிதும் நம்பியவர், இடது ஜாபால் (முன்கையால் நேராகச் சட்டென்று விடும் குத்து) எதிராளியைத் தள்ளி நிறுத்தி ஆடக் கற்றார். 1997-இல் மெக்காலை வென்றார்.

இன்னொரு பிரிட்டிஷ் வீரர் டைசன் ஃப்யூரி இன்னும் வேகமாகப் பாணியை மாற்றினார். 2018 டிசம்பரில் அமெரிக்க வீரர் டியோன்டே வைல்டருடன் நழுவி நழுவி ஆடி டிரா. ஷுகர்ஹில் ஸ்டீவார்ட் பயிற்சியாளரான பிறகு, 2020 பிப்ரவரியில் அதே வைல்டரை நேராக நெருங்கிப் போய் அடித்து 7-ஆவது சுற்றில் முடித்தார்.

சரி, செய்தியில் துளியும் உண்மை இல்லையா? உண்டு. உயரம், கை நீளம் இதையெல்லாம் கோச் மாற்ற முடியாது. களைத்தால் பழைய பழக்கமும் எட்டிப் பார்க்கும். ஜாப் போட்டதும் வலது கையைத் தொங்கவிடும் பையனைக் கவனியுங்கள்: முதல் சுற்றில் கை கன்னத்தோடு ஒட்டியிருக்கும், மூன்றாவதில் மூச்சு வாங்கும்போது தானாக இடுப்புக்கு இறங்கிவிடும். தாடைக்கடியில் டென்னிஸ் பந்தை இடுக்கிக்கொண்டு பழகுவது, கண்ணாடி முன் ஒரே அடியை நூறு தடவை போடுவது எல்லாம் இந்த மாதிரிப் பழக்கங்களை உடைக்கத்தான். மாதக்கணக்கில் ஆகும், அவ்வளவுதானுங்க.