சாப்பாடு உடம்பில் ஒட்டாத பிள்ளைகளுக்குத்தான் குடல் சிப் முதலில் வேண்டும்

மனிதக் குடல் செல்களை ஒரு சின்னத் துண்டுக்குள் வளர்த்து, குடல் மாதிரியே வேலை செய்யவைக்கும் ஆய்வகக் கருவிக்குப் பெயர் குடல் சிப். அதைப் பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு விஷயங்கள்தான் முன்னால் வந்து நிற்கின்றன. ஒன்று, இனி எலியையும் குரங்கையும் சோதனைக்குக் கொல்ல வேண்டாம். இன்னொன்று, மருந்துக் கம்பெனிகளுக்குப் பணமும் காலமும் மிச்சம். இரண்டும் நல்லதுதான், எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்தக் கருவி யாருக்கு மிகவும் தேவையோ, அவர்கள் அந்தப் பேச்சிலேயே இல்லை. நோய் என்று பெரிதாக எதுவும் தெரியாமல், தட்டில் வைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டே, வயதுக்கேற்ற உயரம் வராமல் நிற்கிற பிள்ளைகளைச் சொல்கிறேன். "எவ்வளவு ஊட்டினாலும் உடம்புல ஒட்ட மாட்டேங்குதுங்க" என்று அங்கன்வாடியில் அம்மாக்கள் சொல்வார்களே, அந்தப் பிள்ளைகள்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தமிழ்நாட்டில் 25 சதவீதம். சத்துணவு, முட்டை, காலைச் சிற்றுண்டி என்று இவ்வளவு செய்கிற மாநிலத்திலேயே நாலில் ஒரு பிள்ளை.

போதாத உணவு ஒரு காரணம், அதில் சந்தேகமில்லை. இன்னொரு காரணம் குடலுக்குள் இருக்கிறது. சிறுகுடலின் உட்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள்தான் சத்தை இழுத்து ரத்தத்துக்கு அனுப்புகின்றன. அவற்றை மூடியிருப்பது ஒரே ஒரு அடுக்குச் செல். அந்த அடுக்கும் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக வளர்கிறது. கிருமி நிறைந்த சூழலில், அரைகுறை உணவில் வளரும் பிள்ளைகள் பலருக்கு இந்த உறிஞ்சிகள் குட்டையாகித் தட்டையாகிவிடுகின்றன. செல்களுக்கு நடுவே சந்து விழுகிறது. ஓயாமல் ஓர் அழற்சி கனன்றுகொண்டே இருக்கிறது. வெளியில் ஒரு அறிகுறியும் கிடையாது. சுற்றுச்சூழல் சார்ந்த குடல் செயலிழப்பு என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இது ஏதோ வெளிநாட்டு ஆய்வகத்தில் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நம் கிராமத்து மக்களின் குடலிலிருந்து சிறு திசுத்துணுக்கு எடுத்துப் பார்த்தவர்கள். ஆரோக்கியமாகத் தெரிந்தவர்களிடம்கூட உட்சுவர் மாறிப்போயிருந்தது. வெப்பமண்டலக் குடல் பாதிப்பு என்று அவர்கள் 1972-லேயே எழுதிவிட்டார்கள். ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் இதைச் சரிசெய்ய உறுதியான சிகிச்சை ஒன்றுகூட நம் கையில் இல்லை. வங்கதேசத்திலும் கென்யாவிலும் ஜிம்பாப்வேயிலும் தண்ணீர், கழிப்பறை, கைகழுவுதல் எல்லாம் ஏற்பாடு செய்து பெரிய அளவில் சோதித்தார்கள். 2018, 2019-இல் முடிவு வந்தது. அதனால் மட்டும் பிள்ளைகளின் உயரம் கூடவில்லை. கழிப்பறை வேண்டாம் என்று இதற்கு யாரும் அர்த்தம் பண்ண வேண்டாம். உள்ளே நடப்பது நாம் நினைத்ததைவிடச் சிக்கலானது, அவ்வளவுதான்.

உள்ளே நடப்பதைப் பார்ப்பதில்தான் பெரிய கஷ்டம். நோய் என்று எதுவும் தெரியாத இரண்டு வயதுக் குழந்தைக்கு மயக்கமருந்து கொடுத்து, மறுபடி மறுபடி எண்டோஸ்கோப்பி செய்ய எந்த மருத்துவருக்கும் மனசு வராது, வரவும் கூடாது. எலியின் உணவு வேறு, அதன் குடல்வாசிகளான நுண்ணுயிர்கள் வேறு. மிச்சம் இருப்பது ஆய்வகத்தில் வளர்க்கும் செல்கள்.

செல் வளர்ப்பு ஆய்வகத்தில் வேலை பார்த்த காலத்தில் நான் கையாண்டது கேகோ-2 செல்கள். 1970-களில், 72 வயது மனிதர் ஒருவரின் பெருங்குடல் புற்றுநோய்க் கட்டியிலிருந்து வந்தவை. இன்றுவரை உலகம் முழுக்கக் குடல் ஆராய்ச்சியில் அந்த ஒரு மனிதரின் செல்களைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். துளைகள் உள்ள சவ்வின்மேல் அவற்றை விதைத்து மூன்று வாரம் காத்திருப்போம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊடகத்தை, அதாவது செல்கள் வளரும் சத்துத் திரவத்தை, மாற்றுவோம். குச்சி மாதிரி இரண்டு மின்முனைகளை உள்ளே விட்டு மின்தடையைப் பார்ப்போம். எண் ஏறினால் செல்களுக்கு நடுவிலுள்ள சந்து நன்றாக மூடிக்கொண்டது என்று கணக்கு. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஒழுங்காகக் கல் பதித்த தரை மாதிரி இருக்கும். ஆனால் தட்டை. உறிஞ்சி இல்லை, அசைவு இல்லை, ஓட்டம் இல்லை. பாக்டீரியாவைச் சேர்த்தால் ஓரிரு நாளில் ஊடகம் கலங்கி, செல்கள் எல்லாம் செத்துப்போகும். குடல் என்பதே பாக்டீரியாவோடு குடித்தனம் நடத்துகிற இடம். அது இல்லாமல் என்ன குடல் ஆராய்ச்சி?

2012-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வீஸ் நிறுவனத்தில் ஹியுன் ஜங் கிம், டொனால்ட் இங்பர் குழுவினர் இந்த இடத்தில்தான் கைவைத்தார்கள். பென்டிரைவ் அளவில் ஒளி ஊடுருவும் சிலிக்கோன் துண்டு. அதற்குள் மேலும் கீழுமாக ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் இரண்டு கால்வாய்கள், நடுவில் துளையுள்ள மெல்லிய சவ்வு. செல்கள் அதே கேகோ-2 தான். புதிதாகச் செய்தது இரண்டே காரியம். மணிக்கு 30 மைக்ரோலிட்டர் வேகத்தில், ஒரு சொட்டுக்கும் குறைவாக, திரவத்தைக் கசியவிட்டார்கள். இரு பக்கமும் வெற்றிடம் கொடுத்து, நிமிடத்துக்கு ஒன்பது தடவை சவ்வைப் பத்து சதவீதம் இழுத்து விட்டார்கள், குடல் அசைகிற மாதிரி. மூன்று வாரம் தட்டையாகவே கிடக்கிற அந்தச் செல்கள் சில நாட்களில் தாமாக எழும்பி, மடிந்து, குடலுறிஞ்சி வடிவம் எடுத்துக்கொண்டன. நல்ல பாக்டீரியா ஒன்றை விட்டதும் ஒரு வாரத்துக்கு மேல் இரண்டும் சேர்ந்து வாழ்ந்தன.

அந்தப் படங்களை முதலில் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. பல வருடங்களாக நாம் பார்த்த செல்களிடம் அந்தத் திறமை இருந்திருக்கிறது. நாம்தான் அதற்கு ஏற்ற இடம் கொடுக்கவில்லை. 2016-இல் அதே குழு இன்னொன்றைக் காட்டியது. திரவ ஓட்டத்தை அப்படியே விட்டுவிட்டு அசைவை மட்டும் நிறுத்தினால், பாக்டீரியா கட்டுமீறிப் பெருகுகிறது. உயிருள்ள மனிதருக்குள் இப்படி ஒன்றை மட்டும் நிறுத்திப் பார்க்க வழியே கிடையாது.

அப்புறம் கேகோ-2 வையும் தாண்டி வந்தார்கள். நோயாளியின் திசுத்துணுக்கிலுள்ள ஸ்டெம் செல்களை, அதாவது புதுச் செல்களை உருவாக்கும் மூலச் செல்களை, ஆர்கனாய்டு என்னும் குட்டி உருண்டைகளாகப் பெருக்கி, அவற்றை உடைத்துச் சிப்பில் விதைப்பது. இப்போது அது யாரோ ஒருவரின் புற்றுநோய் செல் இல்லை, இன்ன நோயாளியின் சொந்தக் குடல்.

நான் சொல்ல வந்த ஆய்வு 2022-இல் நேச்சர் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் இதழில் வந்தது. இங்பரின் ஆய்வகம்தான். குடல் செயலிழப்பு உள்ள நோயாளிகளின் செல்களை ஒரு பக்கம், ஆரோக்கியமானவர்களின் செல்களை இன்னொரு பக்கம் சிப்பில் வளர்த்தார்கள். பிறகு ஊடகத்திலிருந்து டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தையும் நயாசினமைடு என்ற பி3 வைட்டமினையும் எடுத்துவிட்டார்கள். சத்தில்லாத சாப்பாட்டைச் சிப்புக்குள் கொண்டுவந்தார்கள் என்றே சொல்லலாம். இரண்டு சிப்பிலும் உறிஞ்சிகள் குட்டையாயின, தடுப்புச்சுவர் கசிந்தது, கொழுப்பு அமிலத்தை இழுப்பதும் அமினோ அமிலத்தைக் கடத்துவதும் கெட்டன. ஆக, ஆரோக்கியமான குடலையும் சத்துக்குறைவு மட்டுமே இந்த நிலைக்குத் தள்ளிவிடும். ஆனால் அழற்சியைக் கிளப்பும் சைட்டோகைன்கள் என்ற புரதங்கள் அதிகம் சுரந்தது நோயாளிகளின் செல்களில். அந்தச் செல்கள் உடம்பைவிட்டு வந்து, ஆர்கனாய்டாகப் பெருகி, புது இடத்தில் புதிதாக வளர்ந்தவை. ஆனாலும் பழைய பாதிப்பைக் கூடவே கொண்டுவந்திருக்கின்றன.

இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. நாம் கொடுக்கிற முட்டை அந்தக் குடலுக்குள் போய் என்ன ஆகிறது? சரிந்துபோன உறிஞ்சி முட்டையிலுள்ள டிரிப்டோபனைச் சரியாக இழுக்காது. அது கிடைக்காததால் உறிஞ்சி இன்னும் சரியும். இந்தச் சுழலை எங்கே வெட்டுவது? சாப்பாட்டைக் கூட்டியா, அழற்சியை முதலில் அடக்கியா, இரண்டையும் சேர்த்தா? குழந்தைகளிடம் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தால் தலைமுறையே போய்விடும். சிப்பில் வாரக்கணக்கில் பார்க்கலாம்.

தடுப்பூசி விஷயமும் இதோடு ஒட்டியதுதான். ரோட்டா வைரஸுக்கு நம் நாட்டிலேயே உருவான ரோட்டாவாக்கை டெல்லி, புனே, வேலூரில் சோதித்தபோது அந்த வைரஸால் வரும் கடும் வயிற்றுப்போக்கைத் தடுத்தது ஏறத்தாழ 55 சதவீதம். பணக்கார நாடுகளில் வாய்வழி ரோட்டா தடுப்பூசிகள் இதைவிட நன்றாக வேலை செய்கின்றன. காரணம் பல இருக்கலாம், கெட்டுப்போன உட்சுவரும் அதில் ஒன்று என்ற சந்தேகம் வெகுகாலமாக இருக்கிறது. நோயெதிர்ப்புச் செல்களும் சேர்த்த சிப்பில் அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

சிப் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும் என்று நான் நம்பவில்லை. அதில் நரம்பு இல்லை, கல்லீரல் இல்லை, முழுமையான நோயெதிர்ப்பு மண்டலம் இல்லை. அந்த சிலிக்கோன் பொருள் சில மருந்து மூலக்கூறுகளைத் தானே குடித்துவிடும், அளவு தப்பும். கால்வாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி புகுந்தால் போதும், பல நாள் வளர்த்த செல்களை உரித்துக்கொண்டு போய்விடும். விலையும் குறைவில்லை. யாருடைய செல்லை வைக்கிறோமோ அவருடைய கதையை மட்டும்தான் அது சொல்லும்.

அதனால்தான் நம் பிள்ளைகளின் செல்கள் வேண்டும் என்கிறேன். இந்தியா 2023 மார்ச்சில் புதிய மருந்து, மருத்துவச் சோதனை விதிகளைத் திருத்தி, உறுப்புச் சிப்பு போன்ற விலங்கில்லா முறைகளுக்கு இடம் கொடுத்துவிட்டது. விதி வந்ததும் எல்லாரும் மருந்து நச்சுத்தன்மைச் சோதனை பக்கமே ஓடினால், பணம் இருக்கிற நோய்க்குத்தான் சிப் கிடைக்கும். ஏழைக் குழந்தையின் குடலுக்குச் சந்தை கிடையாது. அங்கே அரசுப் பணம்தான் போக வேண்டும். வேறு காரணத்துக்காக எப்படியும் எண்டோஸ்கோப்பி செய்யப்படும் குழந்தைகளிடமிருந்து, பெற்றோருக்குப் புரிகிற தமிழில் எல்லாவற்றையும் சொல்லி, மறுக்கிற உரிமையோடு சம்மதம் வாங்கி, ஆர்கனாய்டு வங்கி ஒன்றைப் பொது நிறுவனத்தில் தொடங்கலாம். அந்தச் செல்கள் கம்பெனிச் சொத்தாக மாறாதபடி எழுத்தில் இருக்க வேண்டும். இதில் மட்டும் எந்தச் சமரசமும் கூடாது.

"அந்தக் காசுக்கு இன்னும் ரெண்டு முட்டை கொடுக்கலாமே" என்று நண்பர் ஒருவர் கேட்டார். முட்டையைக் குறைக்கச் சொல்லவில்லை, கூட்டித்தான் கொடுக்க வேண்டும். ஆனால் சத்தைத் திருப்பிக் கொடுத்ததும் உறிஞ்சி எத்தனை நாளில் எழும்புகிறது, எழும்பிய பிறகும் அழற்சி தங்குகிறதா, எந்த வயதுக் குழந்தையின் செல்லில் தங்குகிறது என்பதையெல்லாம் கண்டுபிடிக்க இன்று ஒரு கருவி வந்திருக்கிறது. அதை வேலூரிலும் சென்னையிலும் மதுரையிலும் இந்தக் கேள்விகளுக்காக ஓடவிடச் சொல்கிறேன்.